ஒரு லட்சம் மைல் ஓடிய பாக்ஸ்டர்

பதினெட்டு வயதான, 1,04,000 மைல் ஓடிய போர்ஷே பாக்ஸ்டர் கார் ஒன்றை 6,800 பவுண்டுக்கு வாங்கியிருக்கிறேன் என்று சொன்னபோது, இங்கிலாந்தின் லெஸ்டரில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் சிரித்தார்கள். காங்கேயத்தில் இருக்கும் அப்பா தொலைபேசியில் சிரிக்கவில்லை. "மைல் என்றால் நம் கணக்கில் எவ்வளவு?" என்று கேட்டார். ஒரு லட்சத்து அறுபத்தேழாயிரம் கிலோமீட்டர் என்றேன். "லாரியா வாங்கினாய்?" என்றார்.

அது 2024 மார்ச்சில். அதன் பிறகு 11,000 மைல் ஓட்டியிருக்கிறேன். இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. வாங்கிய மறுவாரம் எழுதும் மதிப்புரை, பெண் பார்த்துவிட்டு வந்த அன்று மாப்பிள்ளை பேசும் பேச்சு மாதிரி. அதை நம்பி யாரும் காசு போடக் கூடாது.

என்னைப் பற்றி ஒரு வரி: உணவுத் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்புப் பொறியாளன். பம்புகளும் மோட்டார்களும் என் பொறுப்பு. எந்த பேரிங் எப்போது சாகும் என்று அதிர்வுமானியை வைத்து ஊகித்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அதனால் இந்தக் காரை நான் அழகுக்காக மட்டும் பார்க்கவில்லை. பாதி அழகுக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கார் இதுதான். 987 என்ற குறியெண் கொண்ட இரண்டாம் தலைமுறை பாக்ஸ்டர். 2006 ஜனவரியில் பதிவானது. இருக்கைகளுக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்கு முன்னால், 2.7 லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் எஞ்சின் படுத்திருக்கிறது. 240 குதிரைத்திறன், ஐந்து கியர், துணிக்கூரை, இரண்டே இருக்கைகள். எங்களுக்கு இரண்டு குழந்தைகள். இந்தக் கணக்கு எங்கே இடிக்கிறது என்பதை மனைவி முதல் நாளே சுட்டிக்காட்டிவிட்டாள். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

பாக்ஸ்டருக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. வாங்கப் போகிறேன் என்று சொன்னவுடன், காரைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்களும் "ஐ.எம்.எஸ். பேரிங் ஜாக்கிரதை" என்பார்கள். என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பொறுமை இல்லாதவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் படிக்கலாம்.

1996 முதல் 2008 வரை வந்த பாக்ஸ்டர் எஞ்சின்களில் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் சுழற்சியை, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டுகளுக்குச் சங்கிலி வழியாகக் கொண்டுசேர்க்க நடுவில் ஓர் இடைத்தண்டு இருக்கிறது. ஐ.எம்.எஸ். என்பது அதுதான். அதன் கிளட்ச் பக்கத்து முனையைத் தாங்குவது ஒரு பால் பேரிங். அது உடைந்தால் சங்கிலிகளின் ஒழுங்கு தவறும். வால்வுகள் பிஸ்டனில் மோதும். எஞ்சின் மொத்தமும் குப்பை. இதில் என்னை எரிச்சலூட்டுவது அந்த பேரிங்கை அமைத்த விதம். இருபுறமும் மூடி போட்டு உள்ளே கிரீஸ் அடைத்த பேரிங் அது. கன்வேயர் உருளையில் மாட்டினால் ஆயுள் முழுக்க உழைக்கும். இவர்கள் அதைக் கொண்டுபோய்ச் சூடான எண்ணெய் தெறிக்கும் இடத்தில் வைத்திருக்கிறார்கள். சில ஆண்டுகளில் மூடி இறுகி, கிரீஸ் கழுவப்பட்டுப் போகிறது. மூடி இன்னும் இருப்பதால் புது எண்ணெய் தாராளமாக உள்ளே வருவதில்லை. உள்ளே புகுந்த பழைய எண்ணெய் வெளியேறுவதும் இல்லை. அந்த அழுக்கு எண்ணெயும் அதில் சேர்ந்த ஈரமும் குண்டுகளைச் சுற்றியே தேங்கிக் கிடக்கும். வாரத்துக்கு ஒருமுறை கடைக்குப் போய் வந்து, எஞ்சின் முழுச் சூடு ஏறும் முன்பே நிறுத்தப்படும் காரில் அந்த ஈரம் ஆவியாகப் போவதே இல்லை. நெடுஞ்சாலையில் தினமும் ஒரு மணி நேரம் ஓடும் கார் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தது.

தொடக்க ஆண்டுகளில் இரட்டை வரிசைக் குண்டுகள் கொண்ட பேரிங் போட்டார்கள், அது பரவாயில்லை. 2000 வாக்கில் ஒற்றை வரிசைக்கு மாறினார்கள். கெட்ட பெயர் வாங்கித் தந்தது அதுதான். 2005, 2006 வாக்கில் பெரிய ஒற்றை வரிசை பேரிங் வந்தது. அது உறுதியானது, ஆனால் எஞ்சினை இரண்டாகப் பிளக்காமல் கழற்ற முடியாது. 2009 மாடலில் இடைத்தண்டையே ஒழித்துவிட்டார்கள். அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போய் 2013இல் சமரசமானது. மிகப் பலவீனமான வகையிலும் உடைந்தவை நூற்றுக்குப் பத்துக்கும் கீழே என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பயப்பட வேண்டியதுதான், ஓட வேண்டியதில்லை.

2009 மாடல் வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை. என் கையில் இருந்தது 8,000 பவுண்டு. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மூன்று கார்களைப் பார்த்தேன்.

முதலாவது, விற்பனைக் கூடம் ஒன்றில் நின்ற வெள்ளி நிற 2.7. 2005 நவம்பர் பதிவு, 38,000 மைல், விலை 7,900. கண்ணாடி போல இருந்தது. இங்கிலாந்தில் மூன்று வயதைத் தாண்டிய கார்கள் ஆண்டுதோறும் எம்.ஓ.டி. என்ற தகுதிச் சோதனைக்குப் போயாக வேண்டும். ஒவ்வொரு சோதனையின் முடிவும், அன்றைய மைல் கணக்கும், சோதித்தவர் எழுதிய எச்சரிக்கைக் குறிப்புகளும் அரசு இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பதிவெண் தெரிந்தால் போதும். கிளம்புவதற்கு முதல் நாள் இரவு பார்த்தேன். 2014 முதல் 2022 வரை எட்டு ஆண்டுகளில் அந்தக் கார் 2,900 மைல் ஓடியிருக்கிறது. ஓர் ஆண்டில் வெறும் 140. கடைசி இரண்டு சோதனைகளிலும் டயர் ரப்பரில் விரிசல் என்ற குறிப்பு.

போய்ப் பார்த்தபோது டயரின் பக்கவாட்டில் 1813 என்று இருந்தது. 2013ஆம் ஆண்டின் பதினெட்டாவது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். தடம் புதிது போல இருந்தது, ரப்பர் சருகு போல இருந்தது. பிரேக் டிஸ்கின் உட்புற முகத்தைக் கைபேசி விளக்கில் பார்த்தேன். ஓரம் முழுக்கத் துரு செதிலாக எழும்பியிருந்தது. வரும் முன்பே "எஞ்சினைச் சூடாக்காமல் வையுங்கள், குளிர்ந்த நிலையில் நானே இயக்கிப் பார்க்க வேண்டும்" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். புகைக்குழாயைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. விற்பனையாளர் இளைஞர். "நீங்கள் வருவதற்காக வெளியே எடுத்து நிறுத்தினோம்" என்றார். இருக்கலாம். பிறகு ஏ.சி.யைப் போட்டு, "பாருங்கள், ஐஸ் மாதிரி வருகிறது" என்றார். மார்ச் மாதத்து லெஸ்டர்ஷயரில் ஜன்னலைத் திறந்தாலே ஐஸ் மாதிரிதான் வரும். மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். காரின் கணினியில் கருவியை இணைத்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, கம்பெனி விதி அனுமதிக்காது என்றார்.

நான் தயங்கியதற்குக் காரணம் கண்ணபுரம் மாட்டுச் சந்தை. அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, ஒருமுறை என்னைக் கூட்டிப்போனார். ஒரு காளை; நல்ல கொம்பு, பளபளவென்று தோல், முற்றிய பல். எல்லோரும் அதைச் சுற்றியே நின்றார்கள். அவர் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார். "இந்தப் பல்லுக்கு நுகத்தடித் தழும்பு இருக்க வேண்டும். இல்லை. ஏன் யாரும் பூட்டவில்லை என்று எனக்குத் தெரியாது, தெரியாததை வாங்கவும் மாட்டேன்" என்றார். வெள்ளி நிறக் காரின் இருக்கையில் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கழுத்துதான் நினைவுக்கு வந்தது. குறைந்த மைல் என்பதற்கு இங்கே இரண்டாயிரம் பவுண்டு அதிகம் கேட்கிறார்கள். எந்திரத்தைப் பொறுத்தவரை அது இரண்டாயிரம் பவுண்டு தள்ளுபடிக்கான காரணம் என்பது என் கட்சி.

இரண்டாவது கார் என் பட்ஜெட்டைத் தாண்டியது. ஆசைதான். 2007ஆம் ஆண்டின் சிவப்பு நிற பாக்ஸ்டர் எஸ், 3.4 லிட்டர், 295 குதிரைத்திறன், 74,000 மைல், கேட்ட விலை 10,200. தனியார் விற்பனை. நாட்டிங்ஹாமுக்குப் பக்கத்தில் ஒரு தெரு. விற்றவருக்கு முப்பது வயது இருக்கும். மனைவி கருவுற்றிருப்பதால் விற்கிறேன் என்றார். ஓட்டிப் பார்த்தேன். இறங்க மனம் வரவில்லை. அந்த ஒலியைக் கேட்டபின் கையெழுத்துப் போடாமல் வந்தவன் நான் என்பதை என் வாழ்நாள் சாதனைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

3.4 எஞ்சினில் பெரிய பேரிங் இருக்கும். அந்தப் பயம் இல்லை. இதற்கு வேறு நோய். சிலிண்டர் சுவரில் கீறல் விழும். இந்த எஞ்சின்களின் சிலிண்டர் சுவர் இரும்பல்ல; சிலிக்கான் கலந்த அலுமினியம். அதன் மேற்பரப்பு கெட்டுவிட்டால் பிஸ்டன் சுவரை உரசி நீளவாக்கில் கோடு போட ஆரம்பிக்கும். எண்ணெய் குடிக்கும், டக்டக்கென்று சத்தம் வரும், கடைசியில் எஞ்சினைப் பிரித்து உறை போட வேண்டும். 2.7 எஞ்சினில் இது குறைவு, 3.4இல் அதிகம். இதே குடும்பத்து 911 கார்களில் இரண்டு பக்கமும் புகைக்குழாய் இருப்பதால், ஒரு பக்கம் மட்டும் கரி படிந்தால் சந்தேகப்படலாம். பாக்ஸ்டரில் குழாய் நடுவில் ஒன்றாகச் சேர்ந்துவிடுவதால் அந்தத் தடயமும் கிடைக்காது. கேமராவை உள்ளே விட்டால்தான் உண்டு.

அதற்குத்தான் ஆள் வைத்தேன். போர்ஷே கார்களை மட்டும் பார்க்கும் தனிப் பரிசோதகர் ஒருவர், வேனில் வருவார். கட்டணம் 280 பவுண்டு, சிலிண்டருக்குள் கேமரா விட இன்னொரு 90. இது அவருடைய சேவைக்கான மதிப்புரையும்கூட என்பதால் சொல்கிறேன்: கை சுத்தம், காது சுத்தம், எழுத்து மோசம். அறிக்கை என்று கடைசியில் அனுப்பியது பள்ளிக்கூடத்துப் பையன் விடுமுறைக் கடிதம் மாதிரி ஒன்றரைப் பக்கம். ஆனால் பக்கத்தில் நின்று பார்த்தால் அவர் பேசிக்கொண்டே போகும் ஒவ்வொரு வரியும் பணம் பெறும். அதனால், பரிசோதகரை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்காதீர்கள். கூடவே போய்க் குனிந்து பாருங்கள்.

காரின் அடியிலிருந்து ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டராகக் கேமராவை விட்டார். ஐந்து வரை ஒன்றும் சொல்லவில்லை. ஆறாவதில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். திரையில், சாம்பல் நிறச் சுவரில் மேலிருந்து கீழாக நகக்கீறல் போல நான்கு கோடுகள். எஞ்சினைச் சீர்செய்ய ஆகும் செலவு காரின் விலையை விடக் கூடுதல் என்றார். விற்றவரும் பார்த்தார். ஏமாற்ற நினைத்தவர் இல்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. தெருவோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி தேநீர் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு வந்தார். நான் 370 பவுண்டு செலவழித்து இன்னொருவர் வீட்டுக்குக் கெட்ட செய்தி கொண்டுபோனவனாகத் திரும்பினேன்.

மூன்றாவதுதான் இப்போது என் வீட்டு வாசலில் நிற்பது. ஷ்ரோப்ஷயரில் லட்லோ ஊருக்கு வெளியே, ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் 2009 முதல் வைத்திருந்த கார். அடர்நீலம். 1,04,000 மைல். முன்பக்கப் பம்பரில் கல் தெறித்த புள்ளிகள் நூறு இருக்கும். ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தில் தோல் தேய்ந்து நூல் தெரிந்தது. விளம்பரத்தில் போட்டிருந்த படங்கள் மழையில் எடுத்தவை. மூன்று வாரமாக யாரும் வந்து பார்க்கவில்லை என்றார்.

சமையலறை மேசையில் ஒரு கோப்பைக் கொண்டுவந்து வைத்தார். நான் காருக்கு முன் அதைத்தான் ஒன்றரை மணி நேரம் படித்தேன். கம்பெனி சொன்ன கணக்குப்படி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 20,000 மைலுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினால் போதும். இவர் ஆண்டுதோறும் மாற்றியிருக்கிறார், பெரும்பாலும் செப்டம்பரில். 2016இல் முன்பக்க ரேடியேட்டர்கள், அதே ஆண்டு தண்ணீர் பம்பு. 2018இல், 78,000 மைலில் கிளட்ச். அந்தப் பில்லில் மெக்கானிக் கையால் எழுதிய ஒரு வரி இருந்தது: "இடைத்தண்டு நட்டு 22 மி.மீ., பெரிய பேரிங். ஆட்டம் இல்லை. வெளி மூடி அகற்றப்பட்டது."

இந்த ஒரு வரிக்காக நான் 500 பவுண்டு கூடத் தந்திருப்பேன். 2006இல் பதிவான காரில் எந்த பேரிங் இருக்கிறது என்பதை ஆண்டை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. கியர்பாக்ஸை இறக்கி அந்த நட்டை அளந்தால் தெரியும். 22 என்றால் பெரியது, 13 என்றால் பழையது. கிளட்ச் மாற்றும்போதுதான் அதைப் பார்க்கும் வாய்ப்பு வரும். அந்த மெக்கானிக் பார்த்ததோடு நிற்காமல் வெளி மூடியையும் கழற்றி, எண்ணெய் உள்ளே போய்வர வழி செய்திருக்கிறார். பேரிங் தெரிந்த ஆள்.

பரிசோதகரைத் திரும்ப வரவழைத்தேன். அவர் கருவியை இணைத்துக்கொண்டிருந்தபோது கிழவர் தொண்டையைச் செருமினார். "ஒன்று சொல்லிவிடுகிறேன். 2011இல் வேல்ஸ் மலைச்சாலையில் நான்காம் கியர் போடப் போய் இரண்டில் தள்ளிவிட்டேன். எஞ்சின் அலறியது. இன்றும் நினைத்தால் கூசுகிறது." பரிசோதகர் ஒன்றும் பேசாமல் திரையைப் பார்த்தார்.

இது தெரியாதவர்களுக்கு: போர்ஷேயின் எஞ்சின் கணினி, அளவு மீறிய சுழற்சிகளை ஆறு பட்டைகளாகப் பிரித்து எண்ணி வைக்கும். கடைசியாக எப்போது நடந்தது என்பதையும் எஞ்சின் ஓடிய மணிக் கணக்கில் குறித்துக்கொள்ளும். கீழ்ப் பட்டைகள் சாதாரணம். ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடித்தால் வரும். மேல் பட்டைகள் தவறான கியரில் தள்ளினால் மட்டுமே வரும்; சக்கரம் எஞ்சினைச் சுழற்றும் நிலை அது. இந்தக் காரில் நான்காம் பட்டையில் ஒன்பது எண்ணிக்கை; கடைசியாக 1,100ஆவது மணியில். மொத்தம் ஓடியது 3,400 மணி. அதாவது அந்த அலறலுக்குப் பிறகு 2,300 மணி நேரம் கோளாறில்லாமல் ஓடியிருக்கிறது. 2011 எம்.ஓ.டி.யில் 34,000 மைல். 1,100 மணியோடு பொருந்துகிறது. கிழவர் சொன்னதையும் கணினி சொன்னதையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன், ஓரம்கூடப் பிசகவில்லை.

இன்னொரு கணக்கும் போட்டேன், நீங்களும் போடலாம். 1,04,000 மைலை 3,400 மணியால் வகுத்தால் சராசரி வேகம் மணிக்கு முப்பது மைலுக்குச் சற்று மேல். திறந்த சாலையில் ஓடிய கார். இந்த எண் பதினைந்து, பதினெட்டு என்று வந்தால் ஒன்று, நகரத்து நெரிசலில் செத்துச் செத்து ஓடியிருக்க வேண்டும். அல்லது யாரோ மைல் மீட்டரில் கை வைத்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு நிபந்தனை போட்டேன்: எண்ணெயும் வடிகட்டியும் என் செலவில் மாற்ற வேண்டும், கழற்றிய வடிகட்டி எனக்கு வேண்டும். பக்கத்து ஊர் பட்டறையில் மாற்றினோம். வடிகட்டியின் காகித மடிப்புகளை வெயிலில் விரித்து, ஒவ்வொன்றாகக் காந்தத்தையும் கைவிளக்கையும் காட்டிப் பார்த்தேன். மின்னும் துகள் எதுவும் இல்லை. கறுப்பு பிளாஸ்டிக் துணுக்கு இரண்டு இருந்தன. சங்கிலி வழிகாட்டியின் தேய்மானம், அந்த வயதுக்கு உரியது. கிழவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்கள் நன்றாக வைத்துக்கொள்வீர்கள்" என்றார். விலையில் 200 பவுண்டு குறைத்ததும் அவராகத்தான்.

காகித விவகாரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடன் பாக்கி இருக்கிறதா, விபத்தில் காப்பீட்டுக் கம்பெனி கழித்துக்கட்டிய வண்டியா என்று இருபது பவுண்டுக்குப் பார்த்துக்கொள்ளலாம். பார்த்தே ஆக வேண்டும். 2006 மார்ச் 23க்கு முன் பதிவானதா, பின் பதிவானதா என்பது சாலை வரியில் ஆண்டுக்கு 300 பவுண்டுக்கு மேல் வித்தியாசம் தரும். என் கார் ஜனவரி, வரி குறைந்த பக்கம். லண்டனில் இருப்பவர்கள் புகைக் கட்டண மண்டலத்துக்கு அந்தக் குறிப்பிட்ட கார் ஏற்றதா என்று பதிவெண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஓட்டும் நாளெல்லாம் 12.50 பவுண்டு.

சரி, இரண்டு ஆண்டில் என்ன கெட்டது?

முதல் மழைக்காலத்தில் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்கள் விரிசல் விட்டு எஞ்சின் இருமியது. ஆறையும் நானே மாற்றினேன், 228 பவுண்டு. அடுத்து பின்பக்கப் பெட்டியில் கம்பளம் ஈரமாக இருந்தது. குளிர்நீர்த் தொட்டியில் மயிரிழை விரிசல். இந்த வண்டிகளுக்கு இது பரம்பரை வியாதி. கூலியோடு 500. முன் ஸ்பிரிங் ஒன்று உடைந்து எம்.ஓ.டி.யில் தோற்றது, இரண்டு பக்கமும் மாற்ற 320. இங்கே சாலைக் குழிகளைப் பற்றி எழுதத் தொடங்கினால் கட்டுரை வேறு திசையில் போய்விடும். பின் டயர்கள் 330. இரண்டு முறை எண்ணெய் 260.

இவை எல்லாம் எதிர்பார்த்தவை. எதிர்பாராதது ஒன்று, தவறு முழுக்க என்னுடையது. பேரிங்கைப் பார்த்தேன், சிலிண்டரைப் பார்த்தேன், வடிகட்டிக் காகிதத்தைக் கணக்குப் புத்தகம் போலப் புரட்டினேன். ஏ.சி.யைப் போட்டுப் பார்க்கவில்லை. மார்ச் மாதம், கூரையைத் திறந்துகொண்டு ஓட்டிப் பார்த்தோம், தோன்றவே இல்லை. ஜூலையில் முதல் வெயில் நாளில் பொத்தானை அழுத்தினேன். அடுப்படிக் காற்று வந்தது. முன் பம்பரின் இரு ஓரத்துத் திறப்புகளில் ரேடியேட்டர்களுக்கு முன்னால் ஏ.சி.யின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர்கள் இருக்கின்றன. சருகுகள் உள்ளே புகுந்து, மக்கி, ஈரம் பிடித்து அலுமினியத்தை அரித்துவிடும். பாக்ஸ்டர் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கிழவர் ரேடியேட்டரை மாற்றினாரே, கண்டென்சரை ஏன் மாற்றவில்லை என்று கோபம் வந்தது. பிறகு யோசித்தால், அவர் கூரையைத் திறந்து ஓட்டுகிறவர், ஏ.சி. என்று ஒன்று இருப்பதே மறந்திருப்பார். 740 பவுண்டு. பரிசோதகரின் ஒன்றரைப் பக்கத்திலும் ஏ.சி. பற்றி ஒரு சொல் இல்லை. காது சுத்தம் என்று மேலே எழுதியதில் பாதி மதிப்பெண் குறைத்துக்கொள்கிறேன்.

ஆக மொத்தம் 2,378 பவுண்டு. இதே காலத்தில் வீட்டுக் காரான ஏழு வயது டீசல் வண்டிக்கு இதைவிட அதிகம் செலவழித்தோம் என்பதை மனைவி மறுக்க முடியாது. பில் என்னிடம் இருக்கிறது. அது ஒருமுறை வழியில் நின்றது. பாக்ஸ்டர் இதுவரை நிற்கவில்லை.

இந்தக் காரில் எண்ணெய் அளவு பார்க்கக் குச்சி கிடையாது, திரையில்தான் காட்டும். எனக்கு அது பிடிக்கவில்லை. எஞ்சினைக் கண்ணால் பார்க்கக் கூரையைப் பாதி தூக்கி, மூடியைக் கழற்ற வேண்டும், அதுவும் பிடிக்கவில்லை. ஓட்டுவது பற்றி ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று கேட்பீர்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் பேக்வெல் ஊரைத் தாண்டி மேலே ஏறும்போது, மூன்றாம் கியரில், முதுகுக்குப் பின்னால் அந்த ஆறு சிலிண்டர்களும் குரலை உயர்த்தும். ஸ்டீயரிங்கில் சாலையின் பொருக்கு விரல் நுனிக்கு வரும். மூத்தவள் பக்கத்து இருக்கையில் இருந்தால் திருப்பத்துக்குத் திருப்பம் சிரிப்பாள். இளையவன் அடுத்த ஞாயிறு. முறை வைத்திருக்கிறோம்.

பார்த்த மூன்று கார்களின் பதிவெண்களும் எனக்கு மனப்பாடம். போன வாரம் சும்மா போட்டுப் பார்த்தேன். சிவப்பு எஸ்ஸுக்கு 2024 கோடைக்குப் பின் எம்.ஓ.டி.யே இல்லை, சாலையில் ஓடாத வண்டி என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. வெள்ளி நிறக் காரை யாரோ வாங்கியிருக்கிறார்கள், நன்றாக ஓட்டுகிறார்கள். 47,300 மைல். இரண்டு ஆண்டும் முதல் தடவையிலேயே தேர்ச்சி. டயர் பற்றிய குறிப்பும் மறைந்துவிட்டது, வேறு குறிப்பும் இல்லை. மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "அப்படியானால் அதையே வாங்கியிருக்கலாமே? அதில் ஏ.சி. வேலை செய்தது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

அந்த விற்பனைக் கூடத்துப் பையன் அன்று எனக்குப் போட்டுக் காட்டிய ஒரே பொத்தான் அதுதான்.